அப்பாவின் மூன்று கிலோ

வைகாசி முதல் ஞாயிறு,
காலைச் சுண்டலுக்குப் பிறகு.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்ட என் அருமைச் சித்தி பூர்ணிமா அவர்களின் திருச்சமூகத்துக்கு, பாபநாசம் பக்கமிருந்து அக்காள் மகள் பிரதீபா, பதினோராம் வகுப்பைத் தாண்டியவள் (தாண்டினேனா, தடுக்கி விழுந்தேனா என்பது ரிசல்ட் வந்தால்தான் தெரியும்), இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே அப்பா சௌக்கியம், அம்மா சௌக்கியம், நாய் சௌக்கியம், மாட்டுக்கொட்டகைச் சுவர் மட்டும் சௌக்கியமில்லை, அது பற்றிக் கீழே வருகிறது. அங்கே தாங்களும் தங்கள் ஹாஸ்டல் அறையின் பாதாம் டப்பாக்களும் நலமாயிருக்க நம்மூர் அம்மன் துணை நிற்பாளாக.

இந்தக் காலத்தில் எவளாவது இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதுவாளா என்று நினைப்பீர்கள். என் போன் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. குற்றம் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஏப்ரல் முதல் தேதி, உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று குடும்பக் குழுவில் போட்டது நான்தான். பதினேழு பேர் உங்களுக்குப் போன் செய்ததற்கும், நாகப்பட்டினத்து மாமா மண்டபம் விசாரித்ததற்கும் இந்தக் கடிதத்தின் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு உண்மையாகவே இரண்டு வரன் வந்ததாகவும், அதில் ஒன்று நல்ல இடம் என்றும் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வகையில் நன்றி நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். இருக்கட்டும், இது என் முறை.

ஆம் சித்தி, இது நன்றிக் கடிதம். ஒரே வரியில் நன்றி என்று எழுதி மடித்து ஒட்டிவிடலாம், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் அது பருப்பில்லாத சாம்பார், உங்கள் பாஷையில் புரதமில்லாத சாப்பாடு. நீங்கள் அம்மாவிடம் கேட்டிருப்பீர்கள். அம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடி, என்று மூன்றே வார்த்தையில் கதையைச் சமைத்து இறக்கியிருப்பாள். நான் கொஞ்சம் தாளித்துத் தருகிறேன்.

போன வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு நீங்கள் வரவில்லை. நம்மூர் அம்மன் பல்லக்கின் முன் இடது தோள் எங்கள் வீட்டுத் தோள். தாத்தா தூக்கினார், அவருக்குப் பின் அப்பா இருபத்திரண்டு வருஷமாகத் தூக்குகிறார். பல்லக்கு கோயிலை விட்டுக் கிளம்பி, நாலு தெரு சுற்றி, குடமுருட்டிப் பாலம் ஏறி, அக்கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். போன வருஷம் அந்தப் பாலத்து ஏற்றத்தில் அப்பாவுக்கு மூச்சு முட்டி, கண் இருட்டி, ஒரு முழங்கால் தரையில் ஊன்றிவிட்டது. பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. முன் வலது தோளில் இருந்தவர் துரைராசு பெரியப்பா, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், பல்லக்குக்காரர்களுக்கெல்லாம் தலைவர். அவர் அப்பாவின் பங்கையும் சேர்த்து ஏந்தி நிமிர்த்தியதால் அம்மன் விழவில்லை. அப்பாவும் சமாளித்து எழுந்துவிட்டார். ஆனால் எழுந்த பிறகுதான் விழுந்தார் என்று நான் சொல்வேன். ஏனென்றால் அதற்கப்புறம் ஒரு வருஷம் அவர் அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. பாபநாசம் கடைத்தெருவுக்குப் போக நாலு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனார். கேட்டால், அந்தப் பக்கம் காத்து நல்லா வருதாம்.

பாபநாசத்து டாக்டரம்மா அப்பாவைத் தராசில் ஏற்றி நூற்றிநாலு என்றார். தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்காமல் பல்லக்குப் பக்கம் போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். மாசி மாதம் கோயில் மண்டபத்தில் பல்லக்குக்காரர்கள் கூடியபோது பெரியப்பா அதையே சட்டமாக்கினார். கொடியேற்றத்தன்று தொண்ணூற்றைந்துக்குக் கீழ் இருந்தால் தோள் அப்பாவுக்கு, இல்லையென்றால் மேலத்தெரு ஜெகனுக்கு. ஜெகன் யாரென்றால், கும்பகோணத்தில் ஜிம்முக்குப் போய் வருகிறவர், சட்டையின் கை அவருக்கு எப்போதும் ஒரு சைஸ் சின்னது. அப்பா தமிழரசனுக்கு ஆண் வாரிசு இல்லையாம், அதனால் தோள் ஒரு தடவை போனால் போனதுதானாம். நான் எழுந்து நின்று, நான் தூக்குகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை, "ஒக்காரு" என்றார். அது சிரிப்பைவிட மோசம். அப்பா வீடு வரும்வரை வேட்டி முனையைக் கையில் பிடித்தபடி முன்னால் நடந்துகொண்டே இருந்தார்.

அன்றைக்குத்தான் அம்மா உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் அனுப்பிய அட்டவணை வந்து சேர்ந்தது. மூன்று வேளையும் தட்டில் பாதி மீனோ முட்டையோ பயறோ இருக்க வேண்டும், சோறு ஒரு கப், வாரத்தில் நாலு நாள் பலத்துக்கான பயிற்சி, மற்ற நாள் நடை, தராசை மட்டும் நம்பாதே, டேப் வைத்து இடுப்பையும் அள என்று கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு. அந்த இரண்டு கோடு உள்ள வரியை அப்போது யாரும் படிக்கவில்லை. எல்லோர் கண்ணும் அந்த ஒரு கப்பில்தான் நின்றது. அப்பா தட்டில் சோறு என்றால் களத்தில் நெல்லைக் குவித்த மாதிரி இருக்கும், எதிரில் உட்கார்ந்தவர் முகம் தெரியாது. முதல் நாள் அம்மா அந்தக் கப்பைக் கவிழ்த்து வைத்ததும் அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது காக்காய்க்கு வச்சதா?" என்று கேட்டார். அம்மா, "காக்காய்க்கு அப்பறம் வைப்பேன், இது ஒங்களுக்கு" என்றாள். நெல்லு விளைகிற மண்ணில் பிறந்து, நெல்லு விற்றுப் பெண்ணைப் படிக்க வைத்து, கடைசியில் ஒரு கப் சோறா என்று அவர் தட்டைப் பார்த்துச் சொன்னது எனக்கே கஷ்டமாக இருந்தது. படிக்கிற பெண் நான்தான் என்பதால் கூடுதல் கஷ்டம்.

முதல் வாரத்தைப் பற்றித் தனியாக ஒரு புராணமே எழுதலாம். நாகப்பட்டினத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் மீனாக்கா (பேரிலேயே சரக்கு வைத்திருப்பவர்) தினம் மத்தி கொடுத்தார். பொரிக்கக் கூடாது, குழம்பில் எண்ணெய் மிதக்கக் கூடாது என்றதும் அவருக்கே வருத்தம், மத்திக்கு இப்படி ஒரு சாவு வந்திருக்கக் கூடாது என்றார். காலையில் முட்டை. பயிற்சியில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் நாற்காலி எழவில்லை. சுவரில் கை ஊன்றித் தள்ளச் சொன்னீர்கள். அப்பா நல்ல சுவருக்கு வெள்ளை போய்விடுமே என்று மாட்டுக்கொட்டகைச் சுவரைத் தேர்ந்தெடுத்தார். தாத்தா கட்டிய மண் சுவர். ஐந்தாம் நாள் பன்னிரண்டாவது தள்ளலில் அது அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. மாடு அப்பாவை ஒரு பார்வை பார்த்தது. அம்மா வந்து நின்று, கொழுப்பு கரையிதோ இல்லையோ சுவரு கரையிது, என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அதே இடிபாட்டின் மேல் உட்கார்ந்து, நாளைக்கு நிறுத்துப் பார்ப்போம், குறையவில்லையென்றால் ஜெகனிடமே சொல்லிவிடலாம், எதற்கு எல்லோருக்கும் சிரமம் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பயமில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

நிறுப்பது எங்கே? வீட்டில் தராசு இல்லை. வாரா வாரம் டாக்டரம்மாவிடம் போக முடியாது, போகிற வழியில் பாலம் வேறு இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் அஹமது கபீர் பாயின் நெல் குடோன் இருக்கிறதே, அங்கே மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு உண்டு. பாய் தாராளமாக ஏறி நில்லுங்க தம்பி, மனுஷனுக்குக் கூலி கிடையாது என்றார். நிறுப்பவர் தியாகேசன் மாமா, இருபத்தைந்து வருஷமாக அந்தத் தராசோடு குடித்தனம் நடத்துகிறவர். எண் ஓடுகிற பெட்டி அவர் பக்கம் திரும்பியிருக்கும். அப்பா குனிந்து பார்க்கலாம் என்றால் அவருக்கும் உலகத்துக்கும் நடுவில் அவர் வயிறு நிற்கிறது. சனிக்கிழமை காலை குடோன் திறந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று நான் முன்னால் ஓடினேன். பின்னாலேயே அப்பா நடையை முடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, தூக்குமேடை ஏறுகிற மாதிரி ஏறினார். மாமா பெட்டியைப் பார்த்தார், சீட்டில் எழுதினார், கிழித்து நீட்டினார். நூறு புள்ளி எட்டு. ஒரே வாரத்தில் மூன்று கிலோவுக்கு மேல்.

சித்தி, அந்தச் சீட்டை அப்பா பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், ரெண்டடி நடந்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி மடித்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டாமல் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்து எழ ஆரம்பித்தார். அன்றிலிருந்து அவரை யாரும் எழுப்பவில்லை. ஐந்து மணிக்கு அவர்தான் என்னை எழுப்பினார். அடுத்த வாரம் அரைக் கிலோ, அதற்கடுத்த வாரம் முக்கால், ஒரு வாரம் கால் கிலோ ஏறிவிட்டது (பக்கத்து வீட்டு வளைகாப்பு, நான் சாட்சி சொல்ல மாட்டேன்), அதற்கடுத்த வாரம் ஒரு கிலோ. ஃபிரிட்ஜ் கதவில் சீட்டுகள் படி இறங்குகிற மாதிரி இறங்கின.

ஐந்து வாரம் முடிந்ததும் புதுச் சிக்கல். பல்லக்குத் தூக்குகிறவர்கள் காப்புக் கட்டி ஒரு மண்டலம் விரதம் இருக்க வேண்டும் என்பது நம்மூர் வழக்கம். தோள் கிடைக்குமா என்று தெரியாவிட்டாலும் அப்பா காப்புக் கட்டிக்கொண்டார். மீன் போச்சு, முட்டை போச்சு, மீனாக்கா எங்கள் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். புரதமா விரதமா என்று நான் தொண்டை கிழியக் கேட்க, நீங்கள்தான் போனில், கவலைப்படாதே, பச்சைப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, மோர், பனீர் என்று பாதை மாற்றிவிட்டீர்கள். இதில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். அறுப்புக்கு முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே பயறும் உளுந்தும் தெளிப்பது நம் பக்கத்து வழக்கமாயிற்றே, தையில் அப்பா தெளித்தது சரியாக அந்தச் சமயத்துக்கு வீடு வந்தது. மருந்தைத் தானே விதைத்து வைத்திருந்த நோயாளி எங்கப்பாதான். காலையில் முளைகட்டிய பயறு, மதியம் ஒரு கப் சோற்றைச் சுற்றி வளைத்து நிற்கும் சுண்டல், சாயங்காலம் உளுந்தங்கஞ்சி. அம்மாவும் துணைக்கென்று அதையே சாப்பிட்டு, யாரிடமும் சொல்லாமல் நாலு கிலோ குறைந்துவிட்டாள். ரவிக்கையைப் பிடிக்கக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அந்த ஏழு வாரம் எங்கள் வீட்டின் காற்றோட்டம் எப்படியிருந்தது என்று எழுதினால் தபால்காரர் இதைத் தொட மாட்டார், ஆகவே விடுகிறேன். நாய் வாசலில் படுக்கக் கற்றுக்கொண்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கட்டத்தில்தான் ஜெகன் அண்ணன் வந்தார். அப்பா முதுகை வளைத்து மூட்டை தூக்குவதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நாலு நாள் பார்த்திருக்கிறார், ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்து, இடுப்பை இறக்கு மாமா, முதுகை நிமித்து என்று காட்டிக் கொடுத்தார். உன் இடத்துக்கு நீயே குழி தோண்டுகிறாயே என்று நான் கேட்டேன். "மாமா தோத்து வர்ற எடம் எனக்கு எதுக்கு? அந்தத் தோள் காலத்துக்கும் உறுத்திக்கிட்டே இருக்கும்" என்றார். அவரைப் பற்றி நான் போட்டிருந்த பட்டப்பெயர்கள் ஏழையும் அன்றே வாபஸ் வாங்கினேன்.

அவருடைய யோசனைதான் ஏணி. பல்லக்குத் தூக்க வேண்டுமென்றால் பல்லக்கு மாதிரி ஒன்றைத் தூக்க வேண்டுமாம். ஏணியைப் படுக்கப்போட்டு, நடுவில் இரண்டு உளுந்து மூட்டை, மூட்டைமேல் ஆடுகிற பாரம் ஒன்று வேண்டும் என்று நான். முன்னால் அப்பா, பின்னால் ஜெகன் அண்ணன். விடியலில் வாய்க்கால் கரையோடு போவோம். பனி விழுகிறதென்று அம்மாவின் சிவப்புத் துண்டைத் தலையில் போர்த்தி நான் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பால் கேனோடு சைக்கிளில் வந்தவர் எங்களைப் பார்த்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போது நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். வலது கையைத் தூக்கி, "பால்ல தண்ணி ஊத்தாத" என்று அருள்வாக்குச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் ஊர் முழுக்கப் பால் கெட்டியாக வந்தது, அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. பெரியப்பாவுக்குச் செய்தி போனதும், அவர் அப்பாவிடம், விரதமிருக்கிற ஆளு சாமியோட வெளையாடலாமா என்று கேட்டுவிட்டு, இனி எடையில் ஒரு கிராம் கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா துடைப்பத்தோடு என்னைத் தேடினாள். நான் அன்று முழுக்க மாமரத்தில் இருந்தேன்.

கடைசிச் சனிக்கிழமைச் சீட்டு தொண்ணூற்றிநாலு புள்ளி ஒன்று. வீட்டில் தீபாவளி. அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்து ஆளுக்கு ஒரே ஒரு கரண்டி கொடுத்தாள். கொடியேற்றத்தன்று காலையில் டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கிவரப் போனோம். அப்பா ஒரு வருஷத்துக்குப் பிறகு பாலத்து வழியாக வண்டியை விட்டார். டாக்டரம்மாவின் தராசில் ஏறினார். தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று. இறங்கி, செருப்பை ஓரமாக வைத்து, மறுபடி ஏறினார். தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று. டாக்டரம்மா அதைப் பற்றிக் கவலைப்படாமல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். நாற்பத்திநாலு இன்ச், முப்பத்தொன்பதாகியிருந்தது. மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார், நாடி பிடித்தார், முட்டியை மடக்கி நீட்டினார். ரெண்டு கிலோ அதிகந்தான், ஆனா இப்ப இருக்கிறது சதை, கொழுப்பு இல்ல, தாராளமாத் தூக்கலாம் என்று சொல்லி எழுதியும் கொடுத்தார். உங்கள் இரண்டு கோடு போட்ட வரி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அந்தக் காகிதத்தில் எடையையும் எழுதியிருந்தார், தொண்ணூற்றேழு புள்ளி ஒன்று.

சாயங்காலம் மண்டபம். அப்பா இரண்டு காகிதத்தையும் பெரியப்பா முன்னால் வைத்தார், டாக்டரம்மாவின் எழுத்தும் குடோன் சீட்டும். நடுவில் மூன்று கிலோ. பெரியப்பா தியாகேசன் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். மாமா வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்து, "கைப் பழக்கங்க" என்றார். நெல்லு மூட்டைக்கு ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று கழித்துக் கழித்து எழுதிய கை, பெட்டியில் நூற்றி மூன்று புள்ளி எட்டு என்று வந்தால் சீட்டில் தானாக நூறு புள்ளி எட்டு என்று எழுதிவிடுமாம். தமிழரசண்ணன் வேறு சொட்டச் சொட்ட வேர்வையோடு வந்து நின்றாரா, கை ஈரம் என்றே நினைத்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். மண்டபத்தில் ஒருத்தருக்கும் சிரிக்கத் தைரியமில்லை.

அப்பா எழுந்தார். "சட்டம் சட்டந்தாண்ணே. நான் ரெண்டு கிலோ மேல இருக்கேன். தோளை ஜெகனுக்குக் குடுத்திடுங்க" என்றார். ஜெகன் அண்ணன் எனக்கு வேண்டாம் என்று முணுமுணுத்தார். பெரியப்பா ரெண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் மாமாவிடம் திரும்பினார்.

"ஏன் தியாகேசா, மாசியில என் நெல்லு மூட்டைக்கு எவ்வளவு கழிச்ச?"

"மூணுங்க."

"போன வருஷம்?"

"மூணுதாங்க."

"எங்கப்பா காலத்துல?"

"அப்பவும் கழிச்சிருப்பாங்க."

"நாங்க யாராச்சும் ஒரு தடவ, டாக்டர் தராசுல நிறுத்துட்டு வர்றேன்னு சொன்னமா? நீ எழுதுனதுதான் எடைன்னு வாங்கிட்டு வந்தோம்ல? எங்க எல்லாருக்கும் அது எடைன்னா, தமிழரசனுக்கும் அதான் எடை. வேட்டி சாக்கு, வேர்வை ஈரம். ஆளுக்கொரு நியாயம் கெடையாது."

மண்டபமே ஒரு நிமிஷம் யோசித்தது. அதில் இருந்த அத்தனை பேரும் வருஷா வருஷம் மூன்று கிலோ விட்டுக்கொடுத்தவர்கள். ஒருத்தர் ஆமா என்றார், இன்னொருத்தர் சரிதான் என்றார், மூன்றாமவர், இத்தனை வருஷத்துல நமக்குச் சாதகமா கழிஞ்சது இந்த மூணுதாண்டா, என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. இந்தத் தடவை அது நன்றாயிருந்தது.

பல்லக்கு கிளம்புவதற்கு முன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு முட்டுக்கட்டையைக் கையில் கொடுத்தார். தூக்குகிறவர்கள் களைத்து நின்றால் பல்லக்குத் தண்டுக்கு அடியில் கொடுத்துத் தாங்குகிற கவட்டைக் கம்பு. "இந்தா, புடி. ஒங்கப்பன் பக்கத்துலயே வா. நின்னா வை, நிக்கலன்னா சும்மா வா" என்றார். எல்லா வேலைக்கும் முட்டுக்கட்டை போடுகிற பிள்ளை என்று பேர் வாங்கியவளுக்கு முதல்முறையாக அதை ஒரு உத்தியோகமாகக் கொடுத்தார்கள். பாலத்து ஏற்றம் வந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். அப்பாவின் மூச்சு எனக்குக் கேட்டது, நான் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். போன வருஷம் முட்டி ஊன்றிய இடம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த இடத்தில் அப்பா இடுப்பை இறக்கி, முதுகை நிமிர்த்தி, நடந்தார். நிற்கவில்லை. நான் சும்மா வந்தேன். என் பிறப்பில் நான் சும்மா வந்த ஒரே நாள் அதுதான் சித்தி.

ஆகவே என் நன்றிகளைப் பங்கு வைத்துக்கொள்ளவும். உங்கள் அட்டவணைக்கு முதல் பங்கு, அதன் கடைசி வரிக்கு அடியிலிருந்த இரண்டு கோட்டுக்கு இரண்டாவது. மத்திகளை அநியாயமாக வேகக் கொடுத்த மீனாக்காவுக்கும், தராசு தந்த கபீர் பாய்க்கும், போட்டியாளருக்கே பயிற்சி கொடுத்த ஜெகன் அண்ணனுக்கும், கையை அடக்க முடியாத தியாகேசன் மாமாவுக்கும், உயிரைக் கொடுத்துப் பலத்தைக் காட்டிய மண் சுவருக்கும் மீதி. அப்பா இப்போதும் ஐந்து மணிக்கு எழுகிறார். இப்போதும் ஒரு கப் சோறுதான், ஆனால் கப்பு கொஞ்சம் பெரிதாகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

தங்கள் பாதாம் டப்பாக்கள் வற்றாதிருக்கவும், அந்த நல்ல இடத்து வரன் சோற்றுப் பிரியராக இல்லாதிருக்கவும் அம்மனை வேண்டி, தங்கள் பாதம் தொட்டு (தூரத்திலிருந்து, குட்டு விழாத தூரத்திலிருந்து) வணங்கும்,

பிரதீபா

பி.கு.: சித்தி, இதை நீங்கள் மட்டும் படித்துவிட்டுக் கிழித்துவிடவும். தியாகேசன் மாமாவின் கை தானாக எதையும் கழிக்கவில்லை. அந்த முதல் சனிக்கிழமை நான் முன்னால் ஓடியது குடோன் திறந்திருக்கிறதா என்று பார்க்க இல்லை. இன்னிக்குக் குறையலன்னா அப்பா விட்டுடுவாரு மாமா, நெல்லுக்குக் கழிக்கிற மாதிரி அவருக்கும் கழிச்சிடுங்க, என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஒரு வாரத்துக்குத்தான் கேட்டேன். அடுத்த வாரம் கழிக்காவிட்டால் மூன்று கிலோ ஏறிவிட்டதாகத் தெரியுமே என்று இரண்டு பேரும் முழித்து, பன்னிரண்டு வாரமும் கழிக்கும்படி ஆகிவிட்டது. மண்டபத்தில் அவர் என் பேரைச் சொல்லவில்லை. ஆக அந்தக் கைப் பழக்கம் அவர் எனக்காகச் சொன்ன பொய், கூரையைப் பார்த்ததும் அதனால்தான். நான் இதுவரை செய்த விளையாட்டுகளில் எனக்கே பயமாக இருந்தது இது ஒன்றுதான். ஒட்டுவதற்குப் பசை எடுத்து வருகிறேன்.

அன்புள்ள பூர்ணிமாவுக்கு, மாமா தமிழரசன் எழுதுறது. இவ லெட்டரை மேஜைமேல விரிச்சுப் போட்டுட்டு உள்ள போயிருக்கா, படிச்சிட்டேன். முப்பது வருஷமா அந்தக் குடோனுக்கு நெல்லு போடுறவன், சீட்டைப் பாத்தா எவ்வளவு கழிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? முதல் சீட்டுலயே தெரிஞ்சுது. வாரா வாரம் மனசுக்குள்ள மூணு கூட்டிக்கிட்டுத்தான் வந்தேன். மண்டபத்துல எந்திரிச்சுச் சொன்னதும் அதனாலதான். ஆனா அந்தப் பச்சைப்புள்ள எனக்காக முன்னாடி ஓடிப்போயி ஒரு பொய் சொல்லிட்டு வந்து, ஒண்ணுந்தெரியாத மாதிரி நின்னுச்சு பாரு, அத வீணாக்க மனசு வரல. அதான் மறுநாளும் எந்திரிச்சேன். இது அவளுக்குத் தெரிய வேண்டாம், நானே மடிச்சு ஒட்டிப் போட்டுடுறேன். ஒனக்கு ரொம்ப நன்றிம்மா. அந்தச் சுண்டலை மட்டும் வாரத்துல ஒரு நாள் கொறைச்சுக் குடு. இவ எழுதுறதையெல்லாம் எப்பவும் மூணு கிலோ கழிச்சுக்கிட்டே படி.